மெத்தைக்குக் கீழே கிடந்த கில்ட்

என் கணவர் ஏர்னஸ்ற் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிச் சொல்லப்போவதைக் கேட்டால் நீங்கள் வேறு மாதிரி நினைக்கக்கூடும், பிறகு நான் அவருக்காக உங்களோடு சண்டைக்கு நிற்க வேண்டிவரும்.

இத்தாலியில், பலெர்மோ நகரத்தில், பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்தெருவில் இருக்கும் ஒரு லவாந்தெரியாவில், அதாவது சலவைக்கடையில் அயன் பண்ணுவது அவருடைய வேலை. வக்கீல்மாரின் கோட்டு, மணப்பெண்களின் வெள்ளை உடுப்பு, குருமாரின் அங்கி எல்லாம் அவர் கைக்கு வந்துதான் நிமிரும். வீட்டிலும் அப்படித்தான். என் சேலை, மகள் றம்யாவின் பள்ளிக்கூட உடுப்பு, ஏன், சாப்பாட்டு மேசைத் துணிகூட அவர்தான் அயன் பண்ணுவார். எங்கள் வீட்டில் அவருடைய அயன்பெட்டி படாத உடுப்பு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது என்னுடைய கில்ட்.

கில்ட் என்பது பாக்பைப் பாண்டில் வாசிப்பவர்கள் இடுப்பில் கட்டும் மடிப்பு வைத்த கம்பளிப் பாவாடை. ஆணும் கட்டலாம், பெண்ணும் கட்டலாம். ஸ்கொட்லாந்துக்காரர் கட்டம் போட்டதைக் கட்டுவார்கள். அயர்லாந்தில் பல பாண்டுகள் கட்டுவது ஒரே நிறம், அதுவும் நல்ல காவி. மன்னாரில் பிறந்து, பலெர்மோவில் வீடு துடைக்கிற ஒரு கத்தோலிக்கப் பெண்ணுக்குக் காவிக் கில்ட் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நான் வேலை செய்யும் சிஞ்ஞோராவின், அதாவது வீட்டு அம்மாவின், மருமகன் ஓர் அயர்லாந்துக்காரர். பெயர் டோனல். அர்மா பக்கத்தில் பிறந்தவர். இங்கே பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் படிப்பிக்கிறார். அவருடைய ஊர்ப்பக்கத்தில் சின்னச் சின்னக் கிராமங்களுக்கெல்லாம் சொந்தமாக ஒரு பாண்ட் உண்டாம். ஒரு தகரக் கூரை மண்டபம், வாரத்தில் ஒருநாள் பழக்கம், தகப்பன் குழல், பெரியப்பா குழல், தங்கச்சி டிரம் என்று குடும்பம் குடும்பமாக வந்து நிற்பார்களாம். அந்தப் பழக்கம் இல்லாமல் இந்த மனிதருக்குப் பலெர்மோவில் இருப்புக் கொள்ளவில்லை. தேடித் தேடி ஆள் பிடித்தார். ஒரு மருந்துக்கடைக்காரர், இரண்டு யூனிவர்சிட்டிப் பெடியள், ஒரு தபால்காரர், சந்தையில் பழம் விற்கிற ஜூசி, இன்னும் மூன்று நாலு பேர் என்று எல்லாரும் சிசிலிக்காரர். ஜூசிக்கு நல்ல வாட்டசாட்டமான உடம்பு, பெரிய டிரம்மை நெஞ்சில் மாட்டினால் அது அவளோடு கூடப் பிறந்தது போல இருக்கும்.

சிஞ்ஞோராவுக்குப் போர்கோ வெக்கியோவில் ஒரு பழைய களஞ்சிய அறை இருந்தது. பழக்கம் அங்கேதான். அதைக் கூட்டித் துடைப்பதும் என் தலையில் விழுந்த வேலை. வியாழக்கிழமைகளில் அவர்கள் வாசித்துக்கொண்டிருப்பார்கள், நான் ஓரமாகத் துடைத்துக்கொண்டிருப்பேன். பாக்பைப் என்றால் உங்களுக்குத் தெரியும்தானே. கக்கத்தில் ஒரு தோல்பை, வாயில் ஊதி அதை நிரப்பி, முழங்கையால் அமத்தி, கையில் இருக்கிற குழலில் பாட்டு வாசிப்பார்கள். தோளில் சாய்ந்து நிற்கும் மற்றக் குழல்கள் நாதசுரத்துக்கு ஒத்துப் பிடிப்பது போல ஒரே சுரத்தில் ஓயாமல் நிற்கும். மூடிய அறைக்குள் அதைக் கேட்டால் பல்லே அதிரும். முதல் மாதம் எனக்குத் தலையிடி. பிறகு எப்போது பிடித்துப்போனது என்று தெரியாது.

ஒருநாள் அவர்களுடைய டிரம் அடிக்கிறவன் வரவில்லை. டோனல் குழலை வைத்துவிட்டு வாயால் தாளம் சொல்லிக்கொண்டு நின்றார். நான் தண்ணி வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என்னை அறியாமல் துடைப்பக்கட்டையின் நுனியால் அந்தத் தாளத்தை அதன்மேல் தட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்.

"சிஞ்ஞோரா மலர், இதை எங்கே பழகினீர்கள்?" என்று டோனல் கேட்டார்.

"கன்னியாஸ்திரிகளிட்டை," என்றேன்.

உண்மைதான். மன்னாரில் நான் படித்த கொன்வென்ற் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பாண்ட் இருந்தது. விளையாட்டுப் போட்டிக்கும் ஆயர் வரும்போதும் நாங்கள் அடிப்போம். நான் சைட் டிரம், இடுப்பில் சரித்து மாட்டுகிற சின்ன டிரம். படிப்பு முடிந்த அன்று குச்சிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன், அவை பள்ளிக்கூடத்துச் சொத்து. அதற்குப் பிறகு என் கையில் இருந்தது அகப்பை, தும்புத்தடி, துடைப்பம்.

டோனல் குச்சிகளை நீட்டினார். நான் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினேன். உடனே ஆஹா ஓஹோ என்று ஒன்றும் நடந்துவிடவில்லை. நான் பழகியது வலம் இடம், வலம் இடம் என்று நேராக நடக்கிற தாளம். அவர்களுடையது அப்படி இல்லை. ஒவ்வொரு அடிக்கு முன்னாலும் சின்னச் சின்ன உதிரி அடிகள் ஓடி வந்து விழவேண்டும். அந்தக் குளிர்காலம் முழுதும் நான் சமையல் மேசையில் பழைய பேப்பர் அடுக்கி, அதன்மேல் அடித்து அடித்துப் பழகினேன். பருப்பு அடிப்பிடித்தது. றம்யா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படித்தாள். ஆனால் நான் சந்தோசமாக இருந்தேன். அவ்வளவு சந்தோசம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட இருந்ததோ தெரியாது, இதை ஏர்னஸ்றிடம் சொல்லிவிடாதீர்கள்.

தொடக்கத்தில் அவர் சிரித்தார். "அயர்லாந்துக்காரனுக்குக் கொட்டு அடிக்க மன்னாரிலை இருந்து ஆள் போகவேண்டிக் கிடக்கு," என்று கடையில் எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தார். கில்ட் வந்த அன்று சிரிப்பு நின்றது. நான் அதைக் கட்டிக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றேன்.

"இதென்ன கோலம்?" என்றார்.

"யூனிபோம்."

"காவி கட்டிச் சாமியாராப் போகப்போறியோ?"

"சாமியார் டிரம் அடிக்கிறேல்லை."

"முழங்கால் தெரியுது, மலர்."

"முழங்கால் மட்டும் சொக்ஸ் போடுவன். கொன்வென்ற்றிலையும் பாவாடைதான் போட்டனான், மதர் ஒண்டும் சொல்லேல்லை."

"அப்ப நீ பள்ளிக்கூடப் பிள்ளை. இப்ப உனக்கு ஒரு குமர் இருக்கு."

அந்தக் குமர் அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "அப்பா, è bellissima, நல்ல வடிவாயிருக்கிறா, விடுங்கோ அவவை," என்றாள். அவருக்கு அது இன்னும் எரிச்சல். "நீ உதைக் கட்டு, அவிழ், என்னவும் செய். நான் அயன் பண்ணமாட்டன். நீ அடிக்கிறதைப் பாக்கவும் வரமாட்டன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கோபத்தில் கத்துகிற மனிதர் இல்லை அவர். சொன்னால் சொன்னதுதான். அதனால்தான் எனக்கு வலித்தது.

மார்ச்சில் அயர்லாந்துக்காரரின் திருநாளுக்குப் பொலிதேயாமா முன்னால் வாசித்தோம். சனம் கைதட்டியது. றம்யா வந்தாள், ஏர்னஸ்ற் வரவில்லை. கில்ட்டின் மடிப்பை எனக்கு அயன் பண்ணத் தெரியாது. ஒரு மடிப்பை நேராக்க இன்னொன்று குழம்பும். அவரிடம் கேட்க மானம் விடவில்லை. ஆகவே ஒவ்வொரு முறையும் வாசித்துவிட்டு வந்ததும் அதை ஒழுங்காக மடித்துக் கட்டிலில் மெத்தைக்குக் கீழே, அவர் படுக்கிற பக்கமாக வைத்துவிடுவேன். அவருக்குத்தான் பாரம் கூட. காவி வேண்டாம் என்ற மனிதர் ஒவ்வொரு இரவும் காவியின்மேல் படுத்துக் குறட்டை விடுவதை நினைத்து எனக்குள் சிரித்துக்கொள்வேன். வெளியே எடுக்கும்போது மடிப்பெல்லாம் பிடித்து வைத்தது போல நிற்கும். "என்ரை மெத்தை உங்கட லவாந்தெரியாவை விடத் திறம்," என்று மனதுக்குள் அவருக்குச் சொல்லுவேன்.

2015ஆம் ஆண்டு கோடையில் எங்கள் மன்னாரின் மடு மாதா திருநாளுக்கு ஆயத்தம் நடந்தது. பலெர்மோவில் இருக்கிற எங்கள் ஆட்கள் ஒவ்வோர் ஓகஸ்ற்றிலும் மாதாவின் சுருவத்தைப் பூவால் சோடித்த கூட்டில் வைத்து, தோளில் தூக்கிக்கொண்டு போர்கோ வெக்கியோ தெருக்களைச் சுற்றி வருவோம். முன்னால் பாண்ட் போகவேண்டும். பாண்ட் இல்லாமல் என்ன சுற்றுப்பிரகாரம். ஆனால் ஓகஸ்ற் நடுவில் சிசிலி முழுக்கத் திருநாள். வழமையாக வருகிற இத்தாலி பாண்ட் ஏதோ மலைக்கிராமத்துக்கு ஒத்துக்கொண்டுவிட்டது. மற்றவர்களும் கையை விரித்துவிட்டார்கள்.

திருநாள் குழுவுக்குத் தலைவர் ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை. நல்ல பக்தர், ஆனால் எதையும் தான்தான் முதலில் சொல்லியிருக்கவேண்டும் என்று நினைக்கிற ரகம். பூசை முடிந்து கூட்டம் கூடியபோது எல்லாரும் நாடியில் கை வைத்துக்கொண்டு இருந்தார்கள். நான் எழும்பினேன்.

"எங்கட பாண்ட் வரும்," என்றேன்.

"எது, உந்த நத்தார்க் குழலோ?" என்றார் ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை. சிசிலியிலும் ஒருவகைப் பைக்குழல் இருக்கிறது, நத்தாருக்கு முந்திய நாட்களில் தெருத்தெருவாக வந்து ஊதுவார்கள். அதனால் இந்த ஊரில் அந்தச் சத்தம் எங்கே கேட்டாலும் சனத்துக்குப் பாலன் யேசுதான் ஞாபகம் வருவார்.

"நத்தார்க் குழல் இல்லை, அயர்லாந்துக் குழல். அவையும் எங்களைப் போலக் கத்தோலிக்க ஆக்கள்தான். வந்து மாதாவுக்கு வாசிப்பினம், அவ்வளவுதான்."

அவர் யோசித்தார். வேறு வழி இல்லை என்பது அவருக்கும் தெரியும். "சரி, வரட்டும். ஆனா ஒண்டு. நடக்கேக்கை பாண்ட் முன்னுக்குப் போறது வழமை, அது பிழையில்லை. மாதா நிண்டா எல்லாரும் திரும்பி மாதாவைப் பாத்து நிக்கவேணும். ஒருத்தரும் முதுகு காட்டக்கூடாது. எங்கட ஊரிலை கோயிலாலை வெளிக்கிடேக்கையே பின்பக்கமாத்தான் நடந்து வாற சனம் நாங்கள்." பிறகு கொஞ்சம் குரலைத் தணித்து, "நீ சேலையோடை வரலாம்தானே, பிள்ளை?" என்றார். சேலையோடு இடுப்பில் டிரம் மாட்டிப் பாருங்கள் அண்ணை என்று வாய் வரைக்கும் வந்தது. மாதாவை நினைத்து விழுங்கிக்கொண்டேன்.

ஏர்னஸ்றும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அவர் கூடு தூக்குகிறவர்களில் ஒருவர், அதுவும் முன்தண்டில். வீட்டுக்கு நடந்து வரும் வழியில் நான்தான் கேட்டேன்.

"இந்த முறை எண்டாலும் பாப்பியளோ?"

"கூடு தூக்கிறவன் நிலத்தைப் பாத்துத்தான் நடப்பான். கால் தடக்கினா மாதா விழுந்திடுவா."

"அப்ப பாக்கமாட்டியள்."

"கேக்கும்தானே," என்றார்.

கேட்கும்தான். ஆனால் எனக்கு அது போதாது. நான் எந்த நேரமும் அவரோடு சண்டை பிடிக்கிற பெண் என்றாலும், அவர் ஒரே ஒருமுறை என்னை அந்தக் குச்சிகளோடு பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். வாளியும் துடைப்பமும் பிடித்துக் காய்த்துப்போன இந்தக் கைகளுக்கு வேறொன்றும் தெரியும் என்பதை வேறு யார் பார்த்து என்ன, பார்க்கவேண்டியவர் அவர்தானே.

திருநாளன்று பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகும் தார்ரோட்டுக் கொதித்தது. கம்பளிக் கில்ட்டுக்குள் நான் அவிந்துகொண்டிருந்தேன். மற்ற டிரம் அடிக்கிறவன் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய்விட்டான். ஓகஸ்ற்றில் பலெர்மோக்காரரை ஊருக்குள் பிடித்து வைக்க யாராலும் முடியாது. ஆக அன்று சைட் டிரம் நான் ஒருத்திதான். இந்தப் பாண்டில் ஒரு முறை இருக்கிறது. பாட்டைத் தொடங்குவது குழல் இல்லை, டிரம். டிரம் ஒருதரம் உருட்டும், எல்லாரும் ஆயத்தமாவார்கள். இரண்டாம் தரம் உருட்டும், குழல்காரர் பையை அமத்தி மூச்சை ஓடவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் பாட்டு. அந்த இரண்டு உருட்டும் விழாவிட்டால் எத்தனை குழல் இருந்தாலும் ஊமைதான்.

நான் உருட்டினேன், குழல்கள் எழும்பின, நாங்கள் நடந்தோம். எங்களுக்குப் பின்னால் வெள்ளை உடுப்புப் போட்ட சின்னப் பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் செபமாலை சொல்லிக்கொண்டு பெண்கள், கடைசியில் மாதா. பல்கணிகளில் இருந்து கிழவிகள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி உடுப்புக் காயப்போடுகிற கிளிப்பை வாயில் வைத்தபடியே, "என்ன, நத்தார் வந்துவிட்டதா?" என்று கேட்டாள். பெரிய டிரம்மை அடித்துக்கொண்டே ஜூசி அவளைப் பார்த்து, "இல்லை மாமி, தமிழர்களின் மாதா வாறா," என்று கத்தினாள். கிழவி கிளிப்பை எடுத்துவிட்டுச் சிலுவை போட்டாள். சந்தைக்காரர் தக்காளிப் பெட்டிகளை இழுத்து வழிவிட்டார்கள். என் கை ஒருதரமும் பிசகவில்லை.

கோயில் வாசலுக்கு முன்னால் ஒரு சின்ன வெளி. சொன்ன திட்டப்படி நாங்கள் அங்கே ஓரமாக ஒதுங்கி, திரும்பி, மாதாவைப் பார்த்து வரிசையாக நிற்கவேண்டும். மாதா எங்களைக் கடந்து உள்ளே போவா. ஆனால் பாட்டு முடிந்ததும் டோனல் கையை உயர்த்தி ஒரு சுற்றுக் காட்டினார். வட்டம்.

அவர்களுடைய வழக்கத்தை நான் சொல்லவேண்டும். அயர்லாந்துப் பாண்ட் தெருவில் வரிசையாக நடக்கும், ஆனால் நின்று வாசிக்கும்போது வட்டமாக, உள்ளே பார்த்து நிற்கும். பார்க்கிற சனத்துக்கு முதுகுதான் தெரியும். பழக்க அறையில் இதை முதன்முதல் கண்டபோது, "சனத்துக்கு முதுகு காட்டுறது மரியாதை இல்லையே," என்று நான் டோனலிடம் கேட்டிருக்கிறேன். "சனம் காதால் கேட்கட்டும், நாங்கள்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேண்டும்," என்றார் அவர். ஊரில் போட்டிக்கு நிற்பதும் வட்டத்தில்தானாம். நடுவர்மார் வெளியே சுற்றிச் சுற்றி வந்து கேட்பார்களாம். வட்டம் கட்டினால்தான் பாண்ட் முழு மனதோடு வாசிக்கிறது என்று அர்த்தம். அன்று தெருவோரத்தில் முழங்காலில் நின்ற சனத்தையும் அழுத பெண்களையும் கண்ட அவருக்கு, ஓரமாக வரிசையில் நிற்பது அரை மரியாதை என்று பட்டுவிட்டது. பெரிய மரியாதையைச் செய்ய நினைத்தார். என் கால்கள் பழக்கத்தில் தாமாகவே என்னுடைய இடத்துக்குப் போய் நின்றன.

நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. வட்டத்தின் மறுபக்கத்தில், எனக்கு நேர் எதிரே, டோனலும் குழல்காரரும். அவர்களுடைய தோளுக்கு மேலால் மாதாவின் கூடு வந்து நிற்கிறது. அத்தனை பேரும் மாதாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

செபமாலை நின்றது. பெண்கள் பக்கம் முணுமுணுப்பு எழும்பியது. ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை கையில் மைக்கோடு விறுவிறென்று வந்தார்.

"நான் என்ன சொன்னனான்? மாதாவுக்கு முதுகு காட்டிக்கொண்டு நிக்கினம். உவள் கொண்டந்த கூத்து. போதும், பாண்ட் போகட்டும். நாங்கள் பாடி மாதாவை உள்ளுக்குக் கொண்டுபோவம்."

டோனலுக்குத் தமிழ் விளங்காது, முகம் விளங்கியது. அவர் என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் உருட்டினால் பாட்டுத் தொடங்கிவிடும், ஆனால் மாதாவுக்கு முதுகைக் காட்டிய பாட்டாக அது இருக்கும். உருட்டாவிட்டால் நாங்கள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும், அடுத்த வருடமும் இல்லை, அதற்கடுத்த வருடமும் இல்லை. எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தில் வந்த அழுகை இல்லை, கோபத்தில் வந்தது. இரண்டு பக்கமும் மரியாதைதானே செய்ய நினைக்கிறார்கள், இதில் யாரை நான் ஏச?

குச்சிகளை உயர்த்திப் பிடித்தபடியே நான் எதிரே பார்த்தேன். ஏர்னஸ்ற் முன்தண்டைத் தோளில் தாங்கிக்கொண்டு, சொன்னபடியே நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கழுத்தால் வியர்வை ஓடியது.

வட்டத்தின் நடு வெறுமையாகக் கிடந்தது. அப்போதுதான் பார்த்தேன். எல்லாரும் அந்த நடுவைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"இஞ்சாருங்கோ," என்று கூப்பிட்டேன். அவர் அசையவில்லை. நான் குரலைக் கூட்டினேன். "இஞ்சாருங்கோ. மாதாவை உள்ளுக்குக் கொண்டு வாங்கோ."

"என்ன கதைக்கிறாய்?" என்றார் ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை.

"வட்டத்துக்குள்ளை கொண்டு வரட்டும் அண்ணை. நடுவிலை மாதா நிண்டா ஆர் முதுகு காட்டுறது? எல்லாரும் மாதாவைத்தானே பாத்து நிப்பினம்."

ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார். கூடு தூக்குகிறவர்களில் முன்தண்டுக்காரன் கால் எடுத்து வைத்தால்தான் மற்றவர்கள் வைப்பார்கள். பின்னுக்கு நின்ற விமலராஜ், "என்ன அண்ணை செய்யிறது?" என்று ஏர்னஸ்றிடம் கேட்டது எனக்குக் கேட்டது. அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். முழங்கால், காவி, டிரம், குச்சி, முகம் எல்லாவற்றையும் பார்த்தார்.

"தம்பியவை, வலது காலை வையுங்கோ," என்றார்.

கூடு அசைவதைக் கண்டு டோனலின் தோளைப் பிடித்து ஜூசி விலக்கினாள். குழல்காரர் இரண்டு பக்கமும் பிரிந்தார்கள், மாதா உள்ளே வந்தா, அவர்கள் திரும்ப வந்து சேர்ந்தார்கள். வட்டம் பெருத்து நின்றது. டோனலின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, சின்னப் பிள்ளைக்கு வருவது போல. எனக்கும் என் கணவருக்கும் நடுவில் பத்தடி வெளிதான் இருந்தது.

நான் உருட்டினேன். ஒருதரம். இரண்டாம் தரம். குழல்கள் எழும்பின.

மெதுவான நடை ஒன்று வாசித்தோம். வெளியே நின்ற சனத்துக்கு எங்கள் முதுகுகள் மட்டும்தான் தெரிந்திருக்கும், ஒன்பது பத்துக் காவிப் பின்புறம். என் முகத்தையும் கையையும் நேருக்கு நேர் பார்க்கிற இடத்தில் இருந்தது மாதாவும் அவரும்தான். நிலத்தைப் பார்த்து நடக்கிற மனிதர் பாட்டு முடியும் மட்டும் ஒருதரமும் நிலத்தைப் பார்க்கவில்லை. என் கண்ணீர் டிரம்மில் விழுந்து தெறித்தது. நான் துடைக்கவில்லை, இரண்டு கையிலும் வேலை இருந்தது.

பாட்டு முடிந்ததும் முழங்காலில் நின்ற பெண்கள் எழும்பாமலே இருந்தார்கள். ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மாதாவை நடுவிலை வைச்சு வாசிக்கவேணும் எண்டு எங்கட குழு தீர்மானிச்சது," என்று அறிவித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. போகட்டும், மனிதருக்கும் ஒரு மரியாதை வேண்டாமா.

அன்று வீட்டில் ஏர்னஸ்ற் இதைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. சோறு நன்றாக இருக்கிறது என்றார், அது மத்தியானச் சோறு. நான் வழக்கம்போலக் கில்ட்டை மடித்து மெத்தைக்குக் கீழே வைத்தேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து, பின்னேரம் அவர் வேலையால் வரும்போது கையில் ஓர் உடுப்புக் கொழுவி, அதன்மேல் கடையில் மூடுகிற பிளாஸ்ரிக் உறை. உள்ளே காவி தெரிந்தது. உறையை விலக்கிப் பார்த்தேன். மடிப்பு ஒவ்வொன்றும் அடிமட்டம் வைத்துக் கீறியது போல நின்றது. என் மெத்தை தோற்றுப்போனது.

"இது எங்கை கிடந்தது எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றேன்.

"மார்ச்சிலை ஒருநாள் இடுப்பு, நாரி எல்லாம் பிடிச்சது. என்ன முண்டுது எண்டு மெத்தையைத் தூக்கிப் பாத்தனான்."

"பாத்திட்டு?"

அவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. "மடிப்பெல்லாம் குழம்பிக் கிடந்தது. நேராக்கிப்போட்டுத் திருப்பி வைச்சன். ஒவ்வொரு முறையும் நீ ஒரு மாதிரித்தான் மடிச்சு வைக்கிறாய், மலர். உதை ஆர் உனக்குப் பழக்கினது?"

பேச்சில் என்னை இதுவரை ஒருவரும் வென்றதில்லை, அன்று அவர் வென்றார். மார்ச்சில் இருந்து ஒவ்வொரு முறையும் நான் வெளியே எடுக்கும் முன்னம் அந்த மடிப்புகளைத் தொட்டது அவருடைய கை.

அவர் எழும்பி, உறையோடு கில்ட்டை எடுத்துப்போய், அலமாரியில் என் கூறைச்சேலைக்குப் பக்கத்தில் கொழுவினார்.

"அடுத்த வருசமும் வட்டம்தானே?" என்றார்.

"ஓம்."

"அப்ப முன்தண்டு எனக்கு எண்டு ஸ்ரனிஸ்லாஸ் அண்ணையிட்டை இப்பவே சொல்லி வை."